பன்னிரண்டு சாண் அப்பா

பிள்ளையின் சார்ட்டில் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டேன். மூன்று இடத்தில். கீழே கையெழுத்தும் போட்டேன். நடந்தது அவ்வளவுதான். அதைத் தூக்கிக்கொண்டுதான் இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் அத்தனை பேர் முன்னாலும் நிற்க வேண்டும். நான் இரண்டாம் வகுப்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். முழங்கால் தாடையை இடிக்கிறது. மஞ்சள் பிளாஸ்டிக், அறுபத்தோரு வயசு ஆளைத் தாங்குவதற்குச் செய்ததில்லை. உடைந்தால் உடையட்டும். ஒன்பதரைக்கு வரச் சொன்னார்கள், ஒன்பதேகாலுக்கு வந்தேன், பத்தேகாலுக்குத்தான் ஆரம்பித்தார்கள். வகுப்பில் கையால் செய்து பார்த்துப் படித்ததைப் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்குச் செய்து காட்டுகிற நாளாம். காட்டட்டும். சுவரோரம் தரையில் வரிசையாகப் பிள்ளைகள். என் மகள் மூன்றாவது. மடியில் சுருட்டின சார்ட். அதன் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விடுகிறாள். என் பக்கம் பார்க்கவில்லை. காலையிலிருந்தே பார்க்கவில்லை. ஸ்கூட்டரில் வரும்போது என் இடுப்பைப் பிடிக்காமல் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் எதிர்பார்த்தேன், குலுங்குகிறபோதாவது பிடிப்பாள் என்று. பிடிக்கவில்லை. திமிர். அது யாரிடமிருந்து வந்தது என்று எனக்கே தெரியும்.

தப்பு என்று கண்ணில் பட்டால் அடிக்கத்தான் வேண்டும், வேறென்ன செய்வது. பம்பு மோட்டார் கம்பெனி, அளவு சரிபார்க்கிற கேஜ் ரூம், முப்பத்திநாலு வருஷம். ஷாஃப்ட் வரும், வெர்னியரை வைப்பேன், மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு. ஒரு கோடு, கீழே நா.மு. என்று இரண்டு எழுத்து. மேனேஜர் வந்து நிற்பார், “நாச்சிமுத்து, நூறுல ஒண்ணுதானே, விட்டுருங்க” என்பார். விடமாட்டேன். அந்த ஒன்று எவன் வீட்டுக் கிணற்றில் போய் நிற்குமோ. அப்படி அடித்து அடித்துக் கை பழகிவிட்டது. இன்று காலை ஐந்தரைக்குப் பால் வாங்கி வைத்துவிட்டுத் திரும்பினால் சாப்பாட்டு மேஜையில் சார்ட் விரித்துக் கிடக்கிறது, நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்து. ‘எங்கள் வீடு எத்தனை சாண்?’ என்று மேலே பச்சையில் தலைப்பு. கீழே கட்டில், ஒரு படம். கட்டில் 13 சாண் 5 விரல். உள்ளே போய் என் கையை விரித்து நிஜக் கட்டிலை அளந்து பார்த்தேன். சரியாக ஒன்பது. அடித்து 9 போட்டேன். கதவு, எனக்கு எட்டின வரைக்கும் 10 சாண். இதென்ன அளவு, எட்டின வரைக்கும்? கதவென்றால் முழுக்கதவு. அடித்தேன். அப்பா, 12 சாண். பக்கத்தில் என்னையும் வரைந்திருந்தாள், மீசை மட்டும் ஒரு சாண் இருக்கும். மனுஷன் எட்டுச் சாண் என்பது யாருக்குத் தெரியாது. அடித்து, பக்கத்தில் 8 போட்டு, கீழே ‘மறுபடி அளக்கவும், நா.மு.’ என்று எழுதினேன். எழுதும்போது மனசுக்கு நிறைவாகக்கூட இருந்தது. ரிட்டயர் ஆகி மூன்று வருஷம் கழித்து ஒரு வேலை ஒழுங்காகச் செய்தது மாதிரி. நிறைவாக இருந்ததாம்.

பிள்ளை எழுந்து வந்து பார்த்தாள். அழுதிருந்தால் அதட்டியிருப்பேன், அதட்டினால் விஷயம் முடிந்திருக்கும். அழவில்லை. ரப்பரை எடுத்து வந்து சிவப்பை அழித்தாள். மை அழியுமா? தேய்த்தாள், தேய்த்தாள், தாள் நைந்து பஞ்சு பஞ்சாக வந்தது. அப்புறம் ரப்பரைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை மூடினாள். அந்த மூடுகிற சத்தம். என் மனைவி மரகதம் சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஏனுங்க, புள்ளை எழுதுனதுல சிவப்புல அடிப்பாங்களா? கம்பெனி உங்களை விட்டு மூணு வருசமாச்சு, நீங்க அதை விடமாட்டீங்கறீங்களே.” தப்பா இருந்துச்சு என்றேன். “என்ன தப்பு? ஒரு வாரமா சோத்துத் தட்டு முன்னால உக்காந்து அதையேதான சொல்லுச்சு, உங்க காதுல என்னத்தைப் போட்டு அடைச்சிருந்தீங்க?” ஏழு மணிக்கு மரகதத்தை ஏற்றிப்போகிற திருப்பூர் வேன் வந்துவிட்டது. அவள் வேலை பார்க்கிற பனியன் எக்ஸ்போர்ட் யூனிட்டில் இன்றைக்கு வெளிநாட்டுக்காரன் வந்து பார்க்கிறானாம், சூப்பர்வைசருக்கு லீவு கிடையாது. வேனில் கால் வைக்கப் போனவள் திரும்பி வந்து, “அங்க போயியும் எதையாச்சும் அளந்து வைக்காதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு வாரமாகப் பிள்ளை சொன்னாளாம். என்ன சொன்னாள்? யோசிக்கிறேன், ஒன்றும் வரவில்லை. ஃபேன் ரெகுலேட்டரைப் பிரித்துப் போட்டிருந்த நாளா? அன்றைக்கு ஏதோ கையை என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். ஸ்க்ரூ எங்கேயோ உருண்டுவிட்டது, தேடிக்கொண்டிருந்தேன். ம் என்றேன். நான் எதற்கும் ம் தான். டம்ளரில் வெங்காயம் வேர் விட்டதற்கு ம். ஆணி துருப்பிடித்ததற்கு ம். காந்தத்தை மணலில் புரட்டி மீசை மாதிரி இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு ஓடி வந்தாள், அப்பா உங்க மீசை, உங்க மீசை என்று. அதற்கும் ம். ஆனால் அன்று சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. காட்டியிருந்தால் என்ன குறைந்திருக்கும்.

முதல் பையன் வாளித் தண்ணீரைக் கொண்டு வந்து நடுவில் வைத்துவிட்டான். மிதக்கிறது எது, மூழ்குகிறது எது. எலுமிச்சம்பழம் மிதக்கும், தோலை உரித்தால் மூழ்குமாம். அவன் அப்பன் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்து பார்க்கிறான், பையன் உருளைக்கிழங்கைத் தொப்பென்று போட, முகமெல்லாம் தண்ணீர். எல்லோரும் சிரிக்கிறார்கள். ரெஜினா டீச்சர், இருபத்தைந்து வயசு இருக்கும், அவரும் சிரிக்கிறார். எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், சிவப்புச் சுடிதார், என் பக்கம் சாய்ந்து, “பேத்திய காட்டுங்க தாத்தா, எது?” என்கிறாள். கை நீட்டிக் காட்டினேன். “அட, நம்ம செவ்வந்தியா? எம் பையனும் அவளும் சாண் போட்டு அளக்கற ஒரே குழுதானுங்க.” மகள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரு நொடி வாய் திறந்து மூடுவார்கள், அப்புறம் என் தலைமுடியைப் பார்ப்பார்கள், அப்புறம் அப்படிங்களா என்பார்கள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்துப் பிறந்தவள் என்று ஊருக்கெல்லாம் விளக்க முடியுமா? எனக்கு ஐம்பத்துநாலு, மரகதத்துக்கு நாற்பத்தொன்று. ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது நர்ஸ் எடை சொன்னாள், இரண்டு கிலோ எழுநூறு. நான் முதலில் கேட்டது தராசு சரியானதா என்று. நர்ஸ் முறைத்தாள். வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை. அவளுக்கு இருபத்தொன்று ஆகும்போது எனக்கு எழுபத்தைந்து. இந்தக் கணக்கைத் தினமும் ஒரு தடவை போடுகிறேன், ஷேவ் செய்யும்போது. ஒவ்வொரு தடவையும் அதே விடைதான் வருகிறது.

“என்னைய எந்திரிக்கவே விடலைங்க தாத்தா” என்று சிவப்புச் சுடிதார் தொடர்கிறாள், யாரும் கேட்காமலே. “ஞாயித்துக்கிழமை பாயில படுக்கப் போட்டு கால்லருந்து தலை வரைக்கும் சாண் போட்டு அளந்தான். பதினொண்ணுங்கறான். அடேய், மனுசருன்னா எட்டுதான்டான்னேன். ‘அது உங்க கையில எட்டும்மா, என்ற கை சின்னக் கைதான’ங்கறான். எனக்கே அப்பத்தான் உறைச்சுதுங்க. மிஸ்ஸு அதைத்தான் சொல்லி அனுப்பிருக்குது. அவனவன் கையில அளந்துட்டு வா, வீட்டுல பெரியவங்களையும் அளக்கச் சொல்லு, ஏன் வேற வேற வருதுன்னு கண்டுபிடின்னு. அதுக்கப்புறம்தான் ஸ்கேலே தருவாங்களாம்.” ம் என்றேன். நெற்றி வேர்த்தது. மேலே ஃபேன் ஓடுகிறது, வேர்க்கிறது. அவனவன் கைக்கு. அவனவன் கைக்கு எட்டுச் சாண் என்றுதானே சொலவடையே இருக்கிறது, அதை முழுசாக மனசில் சொல்லிக்கொண்டேதானே அடித்தேன். கையை விரித்து அவள் என் முகத்துக்கு நேரே காட்டினது இதற்குத்தான். என் கை இவ்வளவுதான்பா, உங்க கை? என்று கேட்டிருப்பாள். கண்டிப்பாகக் கேட்டிருப்பாள். நான் ஸ்க்ரூவைத் தேடினேன். பதின்மூன்று சாண் ஐந்து விரல், அந்த ஐந்து விரலைக்கூட விடாமல் எழுதியிருக்கிறாள், எந்த இன்ஸ்பெக்டர் அப்படி எழுதுவான். எட்டின வரைக்கும் பத்து. எட்டாததை எட்டவில்லை என்று எழுதியிருக்கிறாள். எங்கள் கேஜ் ரூமில் அளக்காததை அளந்ததாக எழுதினவர்களை எனக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன். இவள் எழுதவில்லை. அதை அடித்தேன். சரியான பீஸை ரிஜக்ட் செய்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. முதல் தடவைதானா? அந்த ஷாஃப்டுகளில் எத்தனை நல்லது போயிருக்கும், யாருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான். மதியம் கூடத்தில் தரையில் படுத்துத் தூங்கினேன். குதிகாலில் எறும்பு ஊர்ந்தது. ஊர்ந்து கெண்டைக்கால், முழங்கால். அரைத்தூக்கத்தில் காலை உதறி, ச்சீ, போ என்றேன். நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊர்ந்தது, இந்தத் தடவை மெதுவாக, ரொம்ப மெதுவாக, தொடை, வயிறு, நெஞ்சு. பட்டன் பக்கத்தில் நின்று நின்று போனது. எறும்பென்றால் அப்படி நின்று போகுமா. கட்டைவிரல், சுண்டுவிரல், கட்டைவிரல். பன்னிரண்டு தடவை தொட்டிருக்கிறாள். உதறின பிறகும் விடாமல். அதைச் சொந்தமாகப் போட்டுக்கொண்ட எண் என்று நினைத்துவிட்டேன். இப்போது எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்காரலாமா? உட்கார்ந்து என்ன சொல்வது? அம்மிணி, அப்பா தப்புப் பண்ணிட்டேன் என்றா? அந்த வார்த்தை என் வாயில் இதுவரை வந்ததில்லை. மரகதத்திடமே வந்ததில்லை. எழுந்தால் இந்த நாற்காலியும் இடுப்போடு சேர்ந்து எழும். அதைவிட, அவள் தலையைத் திருப்பிக்கொண்டால்? இனி வெங்காயமும் வராது, ஆணியும் வராது, காந்தமும் வராது. கொண்டு வந்தால் சிவப்பு என்று தெரிந்துவிட்டது. பிள்ளைகள் ஒரு தடவை சூடு பட்டால் அடுப்புப் பக்கம் போகாது. ஏழு வயசு. இன்னும் பதினாலு வருஷம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், பதினாலு வருஷமும் அம்மாவிடம் மட்டும் காட்டிக்கொண்டு, நான் வந்தால் சுருட்டி வைத்துவிடுவாள். இரண்டாவதாக ஒரு சிறுமி தன் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடித்துடிப்பை எண்ணுகிறாள். எழுபத்தெட்டு. என்னுடையதை இப்போது எண்ணினால் வகுப்பே பயந்துவிடும்.

“செவ்வந்தி, வாங்க.” எழுந்து போனாள். இரண்டு பிள்ளைகள் சார்ட்டை ஆளுக்கொரு முனை பிடித்தார்கள். விரிந்தது. வீட்டு மேஜையில் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை, இங்கே ஜன்னல் வெளிச்சத்தில் சிவப்பு மட்டும்தான் தெரிகிறது, பச்சையும் தெரியவில்லை, படமும் தெரியவில்லை. தண்ணீரில் நனைந்த அந்த அப்பன் சும்மா இருக்கமாட்டாமல், “என்ன டீச்சர், அதுக்குள்ள திருத்தி மார்க் போட்டுட்டீங்களா?” என்றான். ரெண்டு பேர் சிரித்தார்கள். டீச்சர் சார்ட்டைப் பார்த்தார். “நான் போடலைங்களே” என்றார். பிள்ளை நிற்கிறாள். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். அவள் அம்மா அழாமலிருக்க மடிக்கிற மாதிரியே. யார் அடித்தது என்று அவள் சொல்லவில்லை. சொல்லமாட்டாள், தெரியும். காட்டிக்கொடுக்கிற பிள்ளை இல்லை. நான் எழுந்தேன். நாற்காலியும் கூட வந்தது. பிடுங்கிக் கீழே வைத்தேன். “நான்தான் அடிச்சேன். தெரியாம அடிச்சுட்டேன்.” குரல் கேஜ் ரூம் குரலாகத்தான் வந்தது, வேறு குரல் இல்லையே என்னிடம். டீச்சர் நல்ல பெண், பாவம், சமாளிக்கப் பார்த்தார். “பரவால்லைங்க தாத்தா. செவ்வந்தி, நாளைக்குப் புது சார்ட் தர்றேன், வேற எழுதிக்கலாம், சரியா? இப்ப போய் உக்காருங்க.” அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். சுருட்டி வைக்கப் போகிறார்கள். பிள்ளை அசையவில்லை. “தாத்தா இல்லைங்க மிஸ், எங்கப்பா” என்றாள். அப்புறம் காலையிலிருந்து முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். “அப்பா, வந்து படுங்க.”

எங்கே என்று கேட்டேன். “கீழதானுங்க.” முப்பது பேர். வெள்ளை வேட்டி. வாளித் தண்ணீர் சிந்தின சிமெண்டுத் தரை. முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கையை ஊன்றிச் சாய்ந்து படுத்தேன். முதுகில் ஜில்லென்று ஏறியது. மேலே ஃபேன், ஒட்டடை, ரிப்பன் தோரணம், சுற்றி வந்து குனிகிற குட்டி முகங்கள். இப்படி மல்லாந்து கிடக்கிறவனை அளப்பது எதற்கு என்று எனக்குத் தெரியும். என் அப்பாவைக் கிடத்தியிருந்தபோது குழி வெட்டுகிறவன் வந்து கோலை வைத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனான். அந்தக் கோல் அப்பாவைத் தொடவில்லை, பக்கத்தில் வைத்து அளந்தான். என்னையும் ஒருநாள் யாரோ, அன்றைக்கு இவளுக்கு எத்தனை வயசு, சனியனே, இப்போது எதற்கு அந்தக் கணக்கு. குதிகாலில் ஒரு சாக்பீஸ் கோடு இழுத்தாள். தலைக்கு மேல் ஒன்று. பிறகு கை தொட்டது. கட்டைவிரல், சுண்டுவிரல். “ஒண்ணு” என்றாள். “ரெண்டு” என்றது வகுப்பு முழுக்க. கெண்டைக்கால். மூன்று, நாலு. முட்டியில் வலிக்கிற இடம் தெரியும் அவளுக்கு, அங்கே மட்டும் பட்டும் படாமல் வைத்தாள். வயிற்றில் ஏழாவது சாண் விழுந்தபோது கூசியது. உதறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். “தாத்தா சிரிக்கறாரு” என்று ஒரு பயல் கத்தினான், “தாத்தா இல்லடா, அப்பா” என்று இன்னொருத்தி அவன் தலையில் தட்டினாள். ஒன்பது, பத்து. நெஞ்சில் அவள் உள்ளங்கை, சூடாக, கொஞ்சம் ஈரமாக. கழுத்து. காது ஓரம். பன்னிரண்டு. கூரையே விழுகிற மாதிரிக் கத்தினார்கள்.

“எந்திரிங்கப்பா. இப்ப நீங்க.” நானே என்னை எப்படி அளப்பது? யோசித்து வைத்திருக்கிறாள். நான் எழுந்ததும் தரையில் என் குதிகால் கோடும் தலைக் கோடும் மட்டும் கிடந்தன. என் வலது கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, கோட்டில் வைத்தாள். தவழ்ந்துகொண்டே போனேன். அவள் பக்கத்திலேயே தவழ்ந்து வந்தாள், என் கட்டைவிரல் முந்தின இடத்தில் சரியாகப் படுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே. ஆறாவதில், “தள்ளிருச்சு, சரியா வைங்க” என்றாள். சரியாக வைத்தேன். எட்டு. அவள் எழுந்து சார்ட்டிடம் போய், ஸ்கெட்ச் வாங்கி, நான் அடித்த 12க்குப் பக்கத்தில் ‘என் கை’ என்று எழுதினாள். என் 8க்குப் பக்கத்தில் ‘அப்பா கை’. கட்டிலுக்கும் அதே மாதிரி. பிறகு திரும்பிப் பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்: “என்ற கையில அளந்தா பன்னெண்டு. அப்பா கையில அளந்தா எட்டு. ஆனா ரெண்டும் ஒரே அப்பாதானுங்க மிஸ்.” டீச்சர் குனிந்து அந்த இரண்டு எண்ணையும் பார்த்தார். அப்புறம், “இதைத்தான் கடைசியில எல்லார்ட்டயும் கேக்கலாம்னு இருந்தேன்” என்றார். சிவப்புச் சுடிதார் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். எதற்கு? எனக்கு இந்தத் தரைத் தூசி ஆகாது. மூக்கை உறிஞ்சினேன். பிள்ளை என் முதுகுப் பக்கம் வந்து வேட்டியில் ஒட்டின ஈரமண்ணை இரண்டு கையாலும் தட்டிவிட்டாள். “கதவு பாக்கி இருக்குதுங்கப்பா” என்றாள். “மேல உங்களுக்குத்தான் எட்டும்.” வீட்டுக்குப் போய் முதல் வேலை அதுதான் என்றேன். ம் என்று சொல்லவில்லை, கவனித்தேன்.

வெளியே வந்து ஸ்கூட்டரைத் தள்ளும்போது போன் அடித்தது. பின்னால் தையல் மிஷின் இரைச்சல். “ஏனுங்க, என்னாச்சு? சார்ட்டு?”

“எல்லார் முன்னாலயும் மானம் போச்சு.”

“ஐயோ. அப்புறம்?”

“சரியாயிருச்சு.”

“யாரு, டீச்சரம்மா சரி பண்ணிவுட்டாங்களா?”

“செவ்வந்தி.”